குமட்டலும் கிருமியும்: பழி சுமத்துவதற்கு முன்

மூன்று வாரங்களுக்கு முன், எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னுடன் பணிபுரியும் தோழி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கருவுற்று ஒன்பதாவது வாரம். பத்து நாள்களாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உடல் எடையில் ஐந்து கிலோ குறைந்திருந்தது. முதலில் காட்டிய இடத்தில், மசக்கை எல்லோருக்கும் வருவதுதான், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்துச் சென்ற இடத்தில் இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிட்டு, வயிற்றில் கிருமி இருக்கிறது, எல்லாம் அதனால்தான் என்று கூறி இரண்டு வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில்தான் அவரைப் படுக்கவைத்து ட்ரிப் ஏற்றினார்கள்.

படுக்கையிலிருந்தபடியே அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "நீ நுண்ணுயிரியல் படிக்கிறவள்தானே? இந்தக் கிருமிதான் காரணமா? இந்த மாத்திரையை நான் சாப்பிடலாமா?"

நான் மருத்துவர் அல்லேன். ஆகவே மாத்திரை பற்றிய கேள்வியை மகப்பேறு மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். கிருமி பற்றிய கேள்விக்காக இரண்டு இரவுகள் அமர்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். படித்தவற்றையும், படித்தபின் எனக்குத் தோன்றியவற்றையும் அவருடைய ஒப்புதலுடன் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கருவுற்ற பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ ஏற்படுகிறது. பெரும்பாலோர்க்கு நான்காம், ஐந்தாம் மாதத்திற்குள் அது தணிந்துவிடும். இதைத்தான் நாம் மசக்கை என்கிறோம். ஆனால் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி மூவர் வரை, நிலைமை முற்றிலும் வேறாகிறது. ஓயாத வாந்தி, நீரிழப்பு, சிறுநீரில் கீட்டோன், இரத்தத்தில் உப்புகளின் சமநிலைக் குலைவு, கருவுறுவதற்கு முன்பிருந்த எடையில் 5 விழுக்காட்டுக்கும் மேலான இழப்பு. மருத்துவம் இதனை ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று அழைக்கிறது. இப்பதிவில் கடும் மசக்கை என்றே குறிப்பிடுகிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், நோயுற்றவரையும் இயல்பான மசக்கையில் இருப்பவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். "நானும்தான் வாந்தி எடுத்தேன், வேலைக்குப் போகவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இந்தக் குழப்பத்தின் விளைவே.

கடும் மசக்கையின் வரலாறு பெருமளவு பழி சுமத்தலின் வரலாறுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கிற்கு உட்பட்ட மருத்துவர்கள் பலர், கருவை உள்ளூர வெறுக்கும் மனமே வாந்தியாக வெளிப்படுகிறது என்று எழுதினர். நோயுற்ற பெண்ணை உறவினரைப் பார்க்கவிடாமல் தனிமைப்படுத்துவதே சிகிச்சை எனக் கருதப்பட்ட காலமும் உண்டு. பிறகு தாலிடோமைடு வந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் தரப்பட்டு, 1961இன் இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் அம்மருந்து பல்லாயிரம் குழந்தைகளைக் கை கால் குறைபாடுகளுடன் பிறக்கச் செய்தது. அந்தப் பேரதிர்ச்சிக்குப் பின் கருவுற்ற பெண்களிடம் எந்த மருந்தையும் சோதிக்க நிறுவனங்கள் தயங்கின. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விலையாக, இந்நோய் நெடுங்காலம் ஆராய்வாரற்றுக் கிடந்தது.

இந்தப் பின்னணியில், கடும் மசக்கைக்கு ஒரு கிருமி காரணமாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தபோது அது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மனம் காரணமன்று, நுண்ணுயிர் காரணம்! கண்ணால் காணலாம், வளர்க்கலாம், கொல்லலாம்.

அந்த நுண்ணுயிரின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பையின் கடும் அமிலத்தில் எதுவும் வாழ இயலாது என்று பாடநூல்கள் கூறிவந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இதனை வளர்த்துக் காட்டினர். ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் தட்டுகள் அப்படியே விடப்பட்டதால்தான் மெதுவாக வளரும் இக்கிருமி கண்ணுக்குத் தென்பட்டது என்பது நுண்ணுயிரியல் மாணவர் அனைவரும் கேட்டு வளர்ந்த கதை. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. மன அழுத்தத்தால் வருவதாகக் கருதப்பட்ட குடற்புண் ஒரு கிருமி நோயாக மாறியது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணில் நிகழ்ந்தது மசக்கையிலும் நிகழக்கூடாதா என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

1998இல் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கடும் மசக்கையுற்ற 105 பெண்களில் 95 பேரின் இரத்தத்தில் இக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. நோயற்ற ஒப்பீட்டுக் குழுவின் 129 பேரில் 60 பேரிடம் மட்டுமே இருந்தது. வாய்ப்பு விகிதத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 வருகிறது. புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைக்கும் எண்களின் வரிசையில் வைக்கத்தக்க எண் அது.

ஆனால் அடுத்து வந்த எண்களைக் கவனியுங்கள். 2007இல் 14 ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பாய்வில் விகிதம் 4.45 ஆனது. 2009இல் 25 ஆய்வுகளைத் திரட்டிய மற்றொன்றில் 3.3 ஆனது. 2017இல் ராட்டர்டாம் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களைக் கொண்ட குழு ஆய்வொன்றின் முடிவு வெளியானது. அங்கே அளக்கப்பட்டது சற்று வேறானது, நாள்தோறும் வாந்தி எடுத்தல். அதற்கும் கிருமிக்கும் இடையிலான விகிதம் 1.44 மட்டுமே. ஆய்வு பெரிதாகவும் கவனமாகவும் ஆக ஆகத் தொடர்பு மறையவில்லை. ஆனால் சுருங்கிக்கொண்டே வருகிறது. இது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது, தொடர்பு உண்டா இல்லையா என்று விவாதிப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

முதற்காரணம் பரிசோதனை முறை. முற்கால ஆய்வுகளில் பெரும்பாலானவை இரத்தத்தில் எதிர்ப்பொருளைத்தான் அளந்தன. கிருமி உடலில் இப்போது இருப்பதை எதிர்ப்பொருள் உறுதிசெய்யாது. எப்போதோ இருந்ததைக்கூட அது காட்டும். என் தோழிக்குச் செய்யப்பட்டதும் இதே சோதனைதான். இப்போதைய தொற்றை அறிய மலத்தில் ஆன்டிஜென் பார்ப்பதே கருவுற்றவர்க்கு எளிய வழி.

இரண்டாவது, ஒப்பிடப்பட்டவர்கள் யார் என்பது. கடும் மசக்கை முதல் மூன்று மாதங்களில் வருவது. ஒப்பீட்டுக்குரியவர்களின் இரத்தம் பிற்கால மாதங்களில் எடுக்கப்பட்டிருந்தால், கருவளர வளர இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் எதிர்ப்பொருளின் செறிவு குறைந்து காணப்படும். கிருமி இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். விகிதம் வீங்கும்.

மூன்றாவது, வறுமை. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், நெரிசலான வீடுகளில், தூய நீரும் கழிப்பறையும் போதாத சூழலில் தொற்றுகிறது. அதே சூழல் ஊட்டக்குறைவையும், தாமதமான மருத்துவ உதவியையும், வேறு பலவற்றையும் உடன் கொண்டுவருகிறது. கிருமி அங்கே குற்றவாளியா, அல்லது குற்றம் நடந்த இடத்தில் எப்போதும் காணப்படும் ஆளா?

நான்காவது, நாமெல்லோரும் அறிந்த நோய்: தொடர்பு உண்டு என்னும் சிறிய ஆய்வு அச்சேறுகிறது, இல்லை என்னும் சிறிய ஆய்வு மேசை இழுப்பறையில் உறங்குகிறது.

கருதுகோளுக்குச் சாதகமானதையும் சொல்லவேண்டும். குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுவதால், வாந்தி முதலில் வந்தது, கிருமி பின்னர் வந்தது என்று கூற இடமில்லை. கருவுற்ற காலத்தில் நோயெதிர்ப்பு ஆற்றலின் போக்கு மாறுகிறது, இரைப்பை மெல்லக் காலியாகிறது. உறங்கிக்கிடந்த அழற்சி அப்போது தலைதூக்குவது நடக்கக்கூடியதே. கிருமியை ஒழித்தபின் நெடுநாள் வாந்தி நின்றதாகத் தனிப்பட்ட சில நோயாளிகளைப் பற்றிய பதிவுகளும் உள்ளன. இவை கருதுகோளை உயிரோடு வைத்திருக்கப் போதும். சிகிச்சை நெறியாக மாற்றப் போதா.

இங்கே நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். நார்வே நாட்டில் 1967 முதல் 2005 வரை பதிவான ஒன்பது இலட்சம் கருவுறுதல்களை ஆராய்ந்தபோது, நாட்டில் பிறந்த பெண்களில் கடும் மசக்கை நூற்றில் ஒருவர் என்ற அளவில் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்து அங்கே குடியேறிய பெண்களிடம் அது 3.2 விழுக்காடு. நார்வேயில் வாழும் இலங்கையரில் பெரும்பான்மையினர் தமிழர் என்பதை நாம் அறிவோம். நம்மவர் குழந்தைப் பருவத்தில் பெற்றுச்சென்ற கிருமியா இதற்குக் காரணம்? நம் மரபணுவா? அயல்நாட்டு உணவும் தனிமையுமா? அல்லது, மொழி புரியாத மருத்துவரிடம் செல்லும்போது நோய் முற்றியிருந்ததா? அந்த எண்ணை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் நிறுவலாம் என்று தோன்றும். உண்மையில் ஒன்றையும் நிறுவ இயலாது.

இதற்கிடையே காரணத்தைத் தேடும் பாதை வேறொரு திசையில் வெகுதூரம் சென்றுவிட்டது. மரபியலாளர் மார்லீனா ஃபெய்சோ 1999இல் தாமே கடும் மசக்கைக்கு ஆளாகிக் கருவையும் இழந்தவர். அவர் குழு 2018இல், ஜிடிஎஃப்15 என்னும் புரதத்துக்கான மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. 2023இல் கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் ஓ'ராஹிலி குழுவினரோடு இணைந்து வெளியிட்ட ஆய்வு படத்தை மேலும் தெளிவாக்கியது. கருவுற்ற காலத்தில் இப்புரதம் பெருமளவு கருவிலிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் தாயின் இரத்தத்தில் சேர்கிறது. மூளைத்தண்டில் உள்ள ஏற்பியைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது. கருவுறுவதற்கு முன் இப்புரதம் குறைவாக இருந்த பெண்களின் உடல் அதற்குப் பழகாததால், திடீர் ஏற்றத்தில் கடுமையாகத் தாக்கப்படுகிறது. பீட்டா தலசீமியா உள்ள பெண்களிடம் இப்புரதம் எப்போதும் மிகுந்திருக்கும். அவர்களுக்குக் கருவுற்ற காலத்தில் குமட்டல் மிக அரிது என்பது இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது.

அப்படியானால் கிருமியின் கதை முடிந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் இடம் மாறிவிட்டது. புரதம் மூளையின் வாந்தி மையத்தைத் தட்டும்போது, கீழே இரைப்பையில் ஏற்கெனவே அழற்சி இருந்தால் துன்பம் கூடலாம், நாள் நீளலாம். முதன்மைக் காரணம் என்ற நாற்காலியிலிருந்து இறங்கி, கூட்டும் காரணி என்ற பலகையில் கிருமி அமரவேண்டியிருக்கிறது. 11இலிருந்து 1.44 வரை சுருங்கிய எண் சொல்வதும் இதுதான்.

இனி இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டில் வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இக்கிருமியைச் சுமக்கிறார்கள். ஒரு கணக்குக்காக, கருவுற்ற 100 பெண்களில் 60 பேரிடம் கிருமி இருப்பதாகக் கொள்வோம். கடும் மசக்கை இருவருக்கு வருகிறது. இருவருமே கிருமி உள்ளவர்களாக இருந்தாலும், மீதி 58 பேர் அதே கிருமியோடு நலமாக இருக்கிறார்கள். ஆகவே இந்தியப் பெண் ஒருவரிடம் எதிர்ப்பொருள் சோதனை செய்து, கிருமி இருக்கிறது, அதுவே காரணம் என்று கூறுவது, தில்லியில் ஒருவருக்கு இருமல் வந்ததும் அவர் தில்லிக் காற்றைச் சுவாசித்திருக்கிறார் என்று கண்டுபிடித்ததைப் போன்றது. கண்டுபிடிப்பு உண்மை. அந்த இருமலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆனால் இதே காரணத்தால், இக்கேள்விக்கு விடை காணத் தகுந்த இடமும் இந்தியாதான். இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியவர்கள் கிருமி உள்ள பெரும்பான்மையினர் அல்லர், கிருமி இல்லாத சிறுபான்மையினர். கருவுற்ற தொடக்க வாரங்களில், வாந்தி முற்றுவதற்கு முன்பே, பல்லாயிரம் பெண்களிடம் மல ஆன்டிஜென் சோதனை செய்து, எடையைக் குறித்துவைத்து, பின்தொடர வேண்டும். கிருமி இல்லாதவர்களிடமும் கடும் மசக்கை அதே விகிதத்தில் வந்தால் கருதுகோள் வீழ்ந்தது. குறைவாக வந்தால் எவ்வளவு குறைவு என்பதே கிருமியின் பங்கு. உள்ளவர்களிடையே காக்-ஏ என்னும் வீரிய மரபணு தாங்கிய வகைக்கும் தாங்காத வகைக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்போதே காணலாம். ஜிடிஎஃப்15 அளவையும் சேர்த்து எடுத்தால், இரண்டு விளக்கங்களும் ஒரே பெண்ணின் உடலில் எப்படிச் சந்திக்கின்றன என்பது தெரியும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. குறைப்பிரசவத்தை ஆராய 2015இல் குருகிராம் மாவட்ட மருத்துவமனையில் தொடங்கப்பட்ட கர்பினி போன்ற குழு ஆய்வுகள் நம்மிடம் உள்ளன. அவற்றின் வினாப்பட்டியலில் எடையிழப்பு, வாந்தியின் எண்ணிக்கை ஆகிய சில வரிகளும், ஒரு மல மாதிரியும் சேர்ந்தால் போதும். இன்னொரு பயனும் உண்டு. இக்கிருமி இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்பது அறிந்த செய்தி. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருவுற்ற இந்தியப் பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மசக்கைக்காகச் செய்யும் ஆய்வு இரத்தசோகைக்கும் விடை தேடித் தரக்கூடும்.

அதுவரை என்ன செய்வது? காரணம் தெரியும்வரை கவனிப்பு காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இப்பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது. டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை பல்லாண்டுகளாகப் பாதுகாப்பானதென்று அறியப்பட்டது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. நீரிழப்புக்குச் சலைனும், குறைந்த பொட்டாசியத்தை ஈடுசெய்தலும் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இயலும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல நாள் உண்ணாதவருக்குத் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்நிலையில் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால், எஞ்சியிருக்கும் தயமினையும் உடல் அதற்குச் செலவிட்டு, வெர்னிக்கி என்னும் மூளைப் பாதிப்பு நேரலாம். தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. சோர்ந்து வந்தவர் எவருக்கும் முதலில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் பழக்கம் உள்ள நம் நாட்டில், கிருமி பற்றிய விவாதத்தைவிட இந்த ஒரு வரி அதிக உயிர்களைக் காக்கும்.

கிருமி ஒழிப்பு மருந்துகளைப் பொறுத்தவரை, அவசரத் தேவை இல்லையெனில் மகப்பேற்றுக்குப் பிறகு தருவதே பொதுவழக்கு. அக்கூட்டு மருந்துகளில் சேரும் டெட்ராசைக்ளின் கருவுற்ற காலத்தில் தவிர்க்கப்பட வேண்டியது. மெட்ரோனிடசோலுக்கு இந்தியக் கிருமிகளிடையே எதிர்ப்பு மிகுதி. ஓயாது வாந்தி எடுப்பவர் வயிற்றில் பதினான்கு நாள் மாத்திரைகள் தங்குமா என்பது தனிக்கேள்வி. புண், இரத்தக்கசிவு போன்ற அறிகுறி இருந்தாலோ, ஐந்தாம் மாதம் கடந்தும் வாந்தி நிற்காவிட்டாலோ, முறையாகச் சோதித்து மருத்துவர் முடிவெடுக்கட்டும்.

கல்விப்புலத்தினர்க்கும் ஒரு சொல். பெண் ஆய்வாளர்க்கு ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் விடுப்பைப் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் அனுமதிக்கின்றன. அது குழந்தைக்கான விடுப்பு. இரண்டாம் மாதத்திலேயே படுத்த படுக்கையாகும் ஒருவர் அதை அப்போதே எடுத்துத் தீர்த்துவிட்டால், பிள்ளை பிறந்தபின் என்ன செய்வார்? என் தோழி விடுப்பு கேட்டபோது, இது நோயா அல்லது கர்ப்பமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இரண்டும்தான் என்ற விடைக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆய்வு நெறியாளர்களும் துறைத்தலைவர்களும் இதை மருத்துவ விடுப்பாகக் கொள்ள முன்வர வேண்டும்.

மனம் காரணம் என்றார்கள்; பெண் குற்றவாளியானாள். கிருமி காரணம் என்கிறார்கள். அவள் வளர்ந்த வீடும் அவள் குடித்த தண்ணீரும் குற்றவாளிகளாகின்றன. நாளை மரபணு காரணம் என்பார்கள். அவள் பிறந்த குடும்பத்தின்மீது பழி விழும். காரணத்தைத் தேடுவது நம் தொழில், தேடுவோம். ஆனால் ஒரு பெண் தன்னால் முடியவில்லை என்று சொல்லும்போது அதை நம்புவதற்கு, காரணம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

தோழி இப்போது வீடு திரும்பிவிட்டார். நேற்று அரைக் கிண்ணம் கஞ்சி தங்கியதாகச் சொன்னார். அவருடைய கேள்விக்கு நான் அனுப்பிய விடை இது: "கிருமிக்குச் சிறு பங்கு இருக்கலாம். முழுக்காரணம் அதுவன்று. உன் தவறு எதுவும் இல்லை."

மகப்பேறு மருத்துவத்திலும் இரைப்பைக் குடலியலிலும் பணிபுரியும் நண்பர்கள் இதில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.